11,800 ரூபாயும் போச்சு, ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரும் போச்சு: "எல்லா வேலையும் ஒரே மெஷின்" வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இன்று காலை பதினோரு மணிக்கு அந்த மெஷினை விற்ற ஆள் போனில் சொன்ன பதில் இதுதான்: "மேடம், உங்ககிட்ட இருக்கறது பில்லே இல்லைங்களே." இருபத்திரண்டு நாள் அலையவிட்டுக் கடைசியில் இது. கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 11,800 ரூபாய், அதோடு நல்லா ஓடிக்கொண்டிருந்த ஒரு கிரைண்டர். மிக்சி, கிரைண்டர், பிளெண்டர், ஜூசர், இதில் எதை வாங்கலாம், எது தண்டம் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்களுக்குப் பெருந்துறைப் பக்கம். ஆடி முதல் வாரத்தில் ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சி போட்டிருந்தார்கள். பத்து நாள் நடத்திவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார்களே, அந்த மாதிரி. பேரைப் போட மாட்டேன், பேர் போட்டால் என்மேலேயே கேஸ் போடுவானாம், அதையும் போனில் சொல்லியாகிவிட்டது. நானும் என் மாமியாரும் ஊறுகாய் போடும் டப்பா வாங்கத்தான் போனோம். டப்பா வாங்கினோம், வெளியே வரும் வழியில் அந்த ஸ்டால்.

ஒரு மோட்டார், அதன்மேல் மாற்றி மாற்றி மாட்ட ஏழு ஜார். சட்னி அரைக்கும், மாவாட்டும், ஜூஸ் போடும், சப்பாத்தி மாவு பிசையும், தேங்காய் துருவும், காய் நறுக்கும். அந்தப் பையனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. வறுத்த நிலக்கடலையைப் போட்டு நாற்பது வினாடியில் சட்னி அரைத்து ஆளுக்கொரு துண்டு இட்லியில் தொட்டுக் கொடுத்தான். ஐஸ் கட்டியைப் பொடியாக்கினான். விரலி மஞ்சளைப் போட்டுப் பொடித்துக் காட்டினான். ஈரோட்டுக்காரியிடம் மஞ்சளைப் பொடித்துக் காட்டினால் விழமாட்டாளா? அது முன்னாலேயே நொறுக்கி வைத்த துண்டு, கிண்ணத்தில் கிடந்ததை நானே பார்த்தேன், பார்த்தும் மண்டையில் ஏறவில்லை.

ஆனால் நான் விழுந்த இடம் மஞ்சள் இல்லை. அவன் பேச்சு. "ஏனுங்க அக்கா, நின்னுட்டே பாக்கறீங்க, ஆத்தாவுக்குக் கால் வலிக்குமில்லீங்க" என்று சொல்லி எங்கிருந்தோ ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து என் மாமியாரை உட்காரவைத்தான். "சாப்புட்டீங்களா ஆத்தா?" என்று கேட்டான். "மாவாட்டி மாவாட்டியே உங்க முதுகு இப்படிக் கூனிப்போச்சுங்களே, இனியாவது கொஞ்சம் உக்காருங்க" என்றான். அத்தை சிரித்துவிட்டார். எங்கள் அத்தை வெளியாட்களிடம் அவ்வளவு லேசில் சிரிக்கிறவர் இல்லை. சொந்த ஊர்ப் பேச்சு, சொந்த வீட்டுப் பையன் மாதிரி மரியாதை, அதுக்கு மேல் நான் என்னத்தை யோசிக்க? சென்னைத் தமிழில் பேசியிருந்தால் டப்பாவோடு வீடு வந்து சேர்ந்திருப்பேன்.

ஒன்றே ஒன்று கேட்டேன். "மாவு ஆட்டிக் காட்டு தம்பி" என்றேன். "ஊறவெச்ச உளுந்து இப்பக் கைவசம் இல்லீங்க்கா, வீட்ல போட்டுப் பாருங்க, பஞ்சு மாதிரி வரும்" என்றான். சட்னிக்குக் கடலை இருக்கிறது, ஐஸ் இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது, கேரட் இருக்கிறது, ஊறின உளுந்து மட்டும் இல்லை. அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

விலை 13,800. "பழைய கிரைண்டர் கெடக்குதுங்களா? அதைக் குடுத்தீங்கன்னா 2,000 கழிச்சுக்கறோம், 11,800 குடுங்க போதும்." கூகுள் பேயில் போட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் டெம்போ வீட்டு வாசலில் நிற்கிறது. இந்தக் கதை முழுக்க அவர்கள் சொன்ன நேரத்துக்குச் செய்த ஒரே காரியம் என் கிரைண்டரை ஏற்றிக்கொண்டு போனதுதான்.

அந்தக் கிரைண்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1998-ல் மாமனார் கோயம்புத்தூர் போய் வாங்கிவந்த டில்டிங் கிரைண்டர், அதாவது சாய்த்து மாவை எடுக்கிற பெரிய கிரைண்டர், அஞ்சு லிட்டர். கல் ஊத்துக்குளிக் கல் என்று அத்தை பெருமையாகச் சொல்வார், எனக்குக் கல்லைப் பார்த்து ஊர் சொல்லத் தெரியாது. இத்தனை வருசத்தில் பெல்ட் இரண்டு தடவை மாற்றினோம், கல்லு ஒரு தடவை கொத்தினோம், அவ்வளவுதான் செலவு. பொடக்காணியில், அதாவது வீட்டுக் கொல்லையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும், காலையில் அந்தக் கடகட சத்தம் கேட்டுத்தான் என் பையன் எழுந்திருப்பான். அதில் ஒரு குறையும் இல்லை, கனம்தான், கழுவக் கொஞ்சம் சிரமம். 1955-ல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் கரண்டில் ஓடுகிற கிரைண்டரைச் செய்தார் என்பார்கள், அந்தக் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கி வைத்திருக்கிறோம். ஊர் ஊராக இங்கிருந்து கிரைண்டர் வாங்கிப் போகிறார்கள். நான் இங்கேயே இருந்துகொண்டு, இருந்ததையும் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

மூணு நாள் சட்னிக்கு நன்றாகத்தான் ஓடியது, பொய் சொல்லக் கூடாது. நாலாம் நாள் உளுந்து போட்டேன். அரைத்து எடுத்தால் மாவு சுடுகிறது. குளிர்ந்த தண்ணீர் விட்டு, நிறுத்தி நிறுத்தி அரைத்தும் வெதுவெதுவென்றுதான் வந்தது. மறுநாள் இட்லி சப்பையாக, எறிந்தால் நாய்க்கு மண்டை உடையும். கிரைண்டரில் கல் நிதானமாகச் சுற்றும், உளுந்து சூடேறாமல் காற்றை வாங்கிக்கொண்டு பொங்கி வரும். மிக்சி பிளேடு நிமிசத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றி வெட்டுகிறது, கல் மாதிரி நசுக்குவதில்லை, அந்த வேகத்தில் மாவு சூடாகிவிடும். இதெல்லாம் அத்தைக்கு மோட்டார் பாஷை தெரியாமலே தெரியும். "மாவு சுட்டா இட்லி செத்துப்போகும் கண்ணு" என்றார், அதுக்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் ஆடிப் பதினெட்டு. நங்கையாளும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள், மொத்தம் ஒன்பது பேர். ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், வந்தால் எங்கள் வீட்டில் இடியாப்பம் மாதிரிப் பிழிகிற சந்தகைதான். ஒரு கிலோ இட்லி அரிசி ஊறப்போட்டு, நைசாக ஆட்டி, அவித்து, சூட்டோடு பிழிய வேண்டும். மூணாவது ஜாரில் கருகல் வாடை. நாலாவதில் புகை. பெரும்பாலான மிக்சிக்கு அடியில் ஒரு சிவப்புப் பட்டன் இருக்குமே, லோடு தாங்காவிட்டால் தானாக ஆஃப் ஆகுமே, அதைத் தேடிக் கவிழ்த்துப் பார்த்தால் பட்டன் வரைந்த ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கிறது! பட்டன் இல்லை! நங்கையா முன்னால் எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மீதி அரிசியைப் போசியோடு தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். சந்தகை இலைக்கு வரும்போது மணி மூணேகால். பிள்ளைகள் பசியில் தேங்காய்ப்பாலை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டார்கள்.

இனி போன் கதை. முதல் போன்: "கம்ப்ளைன்ட் போட்டுட்டோம்க்கா, ரெண்டு நாள்ல ஆள் வருவாங்க." வரவில்லை. அஞ்சாம் நாள்: "வோல்டேஜ் பிரச்சினையா இருக்கும், உங்க ஏரியாவுல லோ வோல்டேஜ்." எங்கள் வீட்டு மோட்டார், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஓடுகிறதே என்றேன், வைத்துவிட்டான். எட்டாம் நாள் ஒரு பொண்ணு பேசியது, "வாரன்டி மோட்டாருக்குத்தான் மேடம், ஓவர்லோடு போட்டா வராது" என்றது. மாவாட்டலாம் என்று சொல்லித்தானே விற்றீர்கள் என்று கேட்டால், "எவ்ளோ போட்டீங்க? அரை கிலோவா? கால் கிலோதான் போடோணும்." அட்டைப்பெட்டியில் எங்கேயும் அப்படி எழுதவில்லை. அப்புறம் திருப்பூரில் சர்வீஸ் சென்டர் என்று அட்ரஸ் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனார், அங்கே இருந்தது செல்போன் ரீசார்ஜ் கடை. கடைக்காரருக்கே விசயம் தெரியாது, பாவம், "உங்களுக்கு முன்னால நாலு பேரு வந்துட்டாங்க" என்றாராம். இதில் ஒவ்வொரு தடவையும் "அக்கா" என்றவன் போகப் போக "மேடம்" ஆனான் பாருங்கள், அதுதான் எனக்கு 11,800-ஐ விட எரிகிறது.

கடைசியில் பெருந்துறையில் மோட்டார் காயில் கட்டுகிற அண்ணனிடம் கொண்டுபோனோம். போர் மோட்டார் எல்லாம் அவரிடம்தான் போகும். பிரித்தார், ஒரு கம்பியை எடுத்துப் பிளேடால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்புக் கலர் பூச்சு, உள்ளே வெள்ளை. அலுமினியம். பெட்டியில் கொட்டை எழுத்தில் "100% காப்பர்", "750 வாட்ஸ்". "இதுல 750 எங்கீங்க வரும்" என்று சிரித்தார். மோட்டாரையும் ஜாரையும் இணைக்கிற கப்ளர் வெறும் பிளாஸ்டிக், பாதி உருகிக் கிடந்தது. பழைய கிரைண்டரை என்ன செய்தீங்க என்று கேட்டார், சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செம்பைக் குடுத்து அலுமினியத்தை வாங்கியிருக்கீங்களேம்மா" என்றார். இதைத் திருப்பிக் கட்டுவது வீண், காசு வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்க என்று அனுப்பிவிட்டார்.

பில் விசயத்துக்கு வருகிறேன். நான் வாங்கிவந்த சீட்டின் தலையில் "எஸ்டிமேட்" என்று போட்டிருக்கிறது. ஜிஎஸ்டி நம்பர் இல்லை, கடை முத்திரை இல்லை, வாரன்டி கார்டில் சீலும் இல்லை. கூகுள் பேயில் பணம் போன பேரைப் பார்த்தால் கடைப் பேர் இல்லை, யாரோ ஒரு தனி ஆள் பேர். பணம் போடும்போது அந்தப் பேர் என் கண்ணு முன்னால்தான் திரையில் வந்தது. பார்த்துக்கொண்டே பின் நம்பரை அடித்திருக்கிறேன்.

1915-க்கு, அதுதான் தேசிய நுகர்வோர் உதவி எண், போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். ஈரோடு நுகர்வோர் ஆணையத்தில் போடுவதற்கும் என் வீட்டுக்காரர் எழுதிக்கொண்டிருக்கிறார். வாங்கின ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், அஞ்சு லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. பில்லுக்குப் பதில் கூகுள் பே ரசீது, எஸ்டிமேட் சீட்டு, பெட்டியின் போட்டோ, எல்லாம் வைக்கிறோம். பார்ப்போம்.

சரி, எதை வாங்கலாம் என்று சொல்கிறேன் என்றேன் இல்லையா. பெரிதாக எழுத உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இட்லி, தோசை, சந்தகை சாப்பிடுகிற வீடு என்றால் கல் போட்ட கிரைண்டர் ஒன்று, மிக்சி ஒன்று, இரண்டும் தனித்தனியாக. இதை அது செய்யாது, அதை இது செய்யாது. நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர் டேபிள் டாப் போதும், டில்டிங் இருந்தால் உயிரே போனாலும் எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். மிக்சிக்கு மூணு ஜார் போதும், அதில் சின்ன ஜார் நல்லதா என்று பாருங்கள், தினமும் ஓடப்போவது அதுதான். ஐஎஸ்ஐ முத்திரை, கவிழ்த்துப் பார்த்தால் நிஜமான சிவப்புப் பட்டன், உங்கள் ஊரிலேயே ஜாருக்கு புஷ்ஷும் கப்ளரும் கிடைக்கிற கம்பெனி. நிறுத்தாமல் இருபது நிமிசம் ஓடும் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள், வீட்டு மிக்சியை அஞ்சு நிமிசம் ஓட்டினால் கொஞ்சம் ஆறவிட வேண்டும். 2011-ல் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மிக்சி எங்கள் அம்மா வீட்டில் இன்னும் ஓடுகிறது, இந்த 11,800 ரூபாய் மெஷின் மூணு வாரம் தாங்கவில்லை. ஹேண்ட் பிளெண்டர், ஜூசர் எல்லாம் உங்கள் இஷ்டம், பருப்புக் கடைய என்னிடம் மத்து இருக்கிறது. தேங்காய் துருவுவது, மாவு பிசைவது என்று கூடச் சேர்த்துக் கொடுப்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள், நான்கு நாளில் பரணுக்குப் போகும். உளுந்தை ஊறப்போட்டு டப்பாவில் எடுத்துக்கொண்டு போங்கள், "இதை ஆட்டிக் காட்டு" என்று கேளுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

எஸ்டிமேட் சீட்டில் பணம் கொடுக்காதீர்கள். எஸ்டிமேட் சீட்டில் பணம் கொடுக்காதீர்கள்.

கோபி பஸ் ஸ்டாண்டு பக்கம் இதே மாதிரி ஏழு ஜார் படம் போட்ட ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறது என்று தங்கச்சி போட்டோ அனுப்பியிருக்கிறாள். அதே ஆட்களா, வேறு ஆட்களா என்று தெரியாது. அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் வீட்டில் சொல்லி வையுங்கள், முக்கியமாக வயசானவர்களிடம்.

டெம்போக்காரன் குழவியை மட்டும் விட்டுவிட்டுப் போனான். அன்று காலையில் அத்தை கழுவித் துணி துவைக்கிற கல்லுக்கு அந்தப்பக்கம் காயவைத்திருந்தார். மறந்துட்டீங்களே என்று போன் செய்தால், "அதெல்லாம் வேண்டாங்க, நீங்களே வெச்சுக்குங்க" என்றான். மோட்டார்தானே அவனுக்கு வேண்டியது. இப்போது பொடக்காணியில் அது தனியாகக் கிடக்கிறது, அத்தை தினமும் அதைத் தண்ணி விட்டுக் கழுவி வைக்கிறார், நானும் ஏன் என்று கேட்பதில்லை. மணி நாலாகிவிட்டது, உளுந்து ஊறிக்கிடக்கிறது, பக்கத்து வீட்டில் ஆட்டிக்கொண்டு வர வேண்டும். அவர்களும் எத்தனை நாளைக்குத்தான் சிரித்த முகமாகக் கதவைத் திறப்பார்கள்.