1979 குண்டம்: 43 பாகத் தொடரா, மூன்று படங்களா?

ராட்சதப் போர் ரோபோக்களைப் பற்றிய ஜப்பானிய அனிமே 'மொபைல் சூட் குண்டம்' பார்க்க நினைக்கும் பலர் முதலில் தடுமாறுவது இங்கேதான். தொடரைச் சுருக்கி எடுத்தவைதான் அந்தப் படங்கள். இரண்டையும் இயக்கியவர் தொமினோ யோஷியுகி, கதையும் ஒன்றே.

நேரம்:
தொடர் – ஏறக்குறைய 17 மணி நேரம்.
படங்கள் – ஏழு மணி நேரத்துக்குள். 1981, 82-இல் வந்தவை.

ஓவியம்:
தொடர் – கடைசிப் பாகங்களில் தளர்ச்சி தெரியும். ஓவிய இயக்குநர் யாசுஹிகோ யோஷிகாசு அப்போது உடல்நலம் குன்றியிருந்தார்.
படங்கள் – மூன்றாவது படத்துக்கு அவரே திரும்பி வந்து ஏராளமான காட்சிகளைப் புதிதாக வரைந்தார். நாயகன் அமுரோவும் எதிரணிப் பெண் லாலாவும் சந்திக்கும் இடங்களை இதில்தான் பார்க்க வேண்டும். அவ்வளவு அழகு!

மனிதர்கள்:
இங்கே என் மனம் தொடர் பக்கமே. வைட் பேஸ் என்ற விண்வெளிப் போர்க்கப்பலில் அகப்பட்ட அகதிகளின் பசி, அலுப்பு, சண்டை எல்லாம் வாராவாரம் சேர்ந்து கனக்கும். எதிரணி அதிகாரி ராம்பா ரால் மறையும்போது நெஞ்சு அடைத்துக்கொள்வது அதனால்தான். 15ஆம் பாகமான குகுருஸ் டோவான் தீவுக் கதை படங்களில் இல்லவே இல்லை.

இயந்திரங்கள்:
தொடர் – குண்டம் ரோபோ சுழற்றும் சங்கிலிச் சுத்தியல், அதனோடு இணையும் ஜி-ஆர்மர் ஊர்தி என்று பொம்மைக்கடை வாசம் உண்டு.
படங்கள் – அவை நீக்கப்பட்டு, போர் இன்னும் நம்பும்படி இருக்கும்.

சரி, எதை எடுப்பது? பழைய ஓவியப் பாணி புதிது, நேரமும் குறைவு என்றால் படங்கள். பாத்திரங்களோடு வாழ ஆசையென்றால் தொடர். அப்புறம் மூன்றாவது படத்தை மட்டும் தனியாகப் பாருங்கள்.