வீட்டில் பழைய ஆர்கேட் மெஷின்: சில வருடம் வைத்து ஓட்டிய அனுபவம்

காசு போட்டு வீடியோ கேம் ஆடும் பழைய ஆர்கேட் மெஷின் வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த கேம் வாங்கலாம் என்றுதான். பாக்மேனா, கலாகாவா, ஸ்ட்ரீட் ஃபைட்டரா? சில வருடங்களாக வீட்டில் வைத்து ஓட்டிப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது வேறு. முதல் மெஷினுக்கு கேமைப் பார்க்காதீர்கள். பிக்சர் டியூபையும் வயரிங்கையும் பாருங்கள். கேமை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

இதைத் துணிந்து சொல்லக் காரணம் ஜாமா. 1985-இல் ஜப்பானில் வந்த பொது வயரிங் முறை இது. 56 முனை கொண்ட ஒரே கனெக்டரில் கரண்ட், படம், ஒலி, ஜாய்ஸ்டிக் எல்லாம் வந்துவிடும். கேம் இருக்கும் சர்க்யூட் போர்டைக் கழற்றி இன்னொன்றைச் செருகினால் வேறு கேம். தலைகீழாகச் செருகினால் மட்டும் போர்டு போய்விடலாம், அதனால் தவறாகச் செருக விடாமல் தடுக்கும் அடையாளக் கட்டை கனெக்டரில் இல்லையென்றால், முதலில் அதைப் போட்டுவிடுங்கள். 1980-இன் பாக்மேன், 1981-இன் கலாகா எல்லாம் இதற்கு முந்தியவை. அவற்றுக்குத் தனி அடாப்டர் வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு ஆளுக்கு ஆறு பட்டன் என்பதால் ஜாமா முனைகள் போதாது, கூடுதல் வயர் கட்டு ஒன்று தேவை. இன்னொன்று: பாக்மேனுக்குத் திரை நெட்டுவாக்கில், ஸ்ட்ரீட் ஃபைட்டருக்குக் கிடைவாக்கில். இரண்டும் வேண்டும் என்றால், மானிட்டரைத் திருப்பிப் பொருத்த வசதியுள்ள கேபினெட்டாகப் பாருங்கள்.

சரி, டியூபுக்கு வருவோம். வாங்கப் போகும்போது மெஷினை ஓடவிட்டு அரை மணி நேரமாவது நில்லுங்கள். சூடேறிய பிறகுதான் அதன் சுயரூபம் தெரியும். ஓரங்கள் உள்வாங்கி வளைந்தால், படம் நெளிந்தால், பெரும்பாலும் கெப்பாசிட்டர்கள் வறண்டிருக்கும், மாற்றிவிடலாம். அணைத்த திரையிலும் பாக்மேன் பாதைகள் நிழலாகத் தெரிந்தால், அது திரையின் உட்பக்கம் ஒளிரும் பூச்சான பாஸ்பர் எரிந்த தழும்பு. அதற்கு வைத்தியம் கிடையாது.

என் மெஷினில் ஒரு நாள் விளையாடிக்கொண்டிருக்கும்போதே படம் முழுவதும் சுருங்கி, திரையின் நடுவே கண் கூசும் ஒற்றைக் கிடைக்கோடாக நின்றது. ஒலி மட்டும் எதுவும் நடக்காதது போல் ஓடிக்கொண்டிருந்தது. இப்படி வந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்தக் கோடே திரையில் பொசுங்கி நிலைத்துவிடும். காரணம் பார்த்தால் சின்னது: சேஸிஸில், அதாவது டியூபை இயக்கும் மானிட்டர் சர்க்யூட்டில், ஒரு கனெக்டர் முனையைச் சுற்றி சால்டர் வட்டமாக விரிசல் விட்டிருந்தது. திரும்பப் பற்றவைத்ததும் படம் விரிந்தது. ஆனால் அந்த இடத்தில் கை வைப்பதற்கு முன் டியூபில் தேங்கியிருக்கும் மின்னழுத்தத்தை முறையாக வெளியேற்றியிருக்க வேண்டும். ஓடும்போது அங்கே இருப்பது இருபதாயிரம் வோல்ட் அளவு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்சம் தங்கும். செய்து பழகியவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

போர்டு பக்கம் தொல்லை குறைவு. திடீர் ரீசெட், கோணல்மாணலான படம் என்றால் முதலில் 5 வோல்ட் சப்ளையைச் சரிபாருங்கள். அளக்க வேண்டியது போர்டின் முனையில். பவர் சப்ளையில் சரியாகக் காட்டினாலும் வயர் வழியே குறைந்துவிடும். பேட்டரிதான் இங்கே உண்மையான எதிரி. நியோ ஜியோ எம்விஎஸ் போர்டுகளில் உள்ள ரீசார்ஜபிள் பேட்டரி கசிந்தால் செம்புத் தடங்களை அரித்துவிடும். கேப்காம் நிறுவனத்தின் சிபிஎஸ்-2 போர்டுகள் இன்னும் மோசம்: கேமைத் திறக்கும் சாவி பேட்டரி தயவில்தான் நினைவகத்தில் நிற்கிறது, பேட்டரி தீர்ந்தால் கேமும் செத்தது. இப்போது உயிர்ப்பிக்க வழி உண்டு. ஆனாலும் வாங்கும்போதே பேட்டரி எப்போது மாற்றினார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

படத்தைப் புள்ளிகளாக அல்லாமல் நேரடியாகக் கோடுகளாக வரையும் வெக்டர் மானிட்டர் மெஷின்களை முதல் வாங்கலில் விட்டுவிடலாம். 1979-இன் ஆஸ்டராய்ட்ஸ் கோடுகளின் பளபளப்பை வேறெந்தத் திரையும் தராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைப் பழுது பார்ப்பது தனி வித்தை.

வீட்டு விஷயங்கள் சில. நிற்கும் வகை மெஷின் பலவும் 100 கிலோவைத் தாண்டும், வாசல் அகலத்தையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் முதலிலேயே அளந்துகொள்ளுங்கள். வேறு நாட்டு மெஷின் என்றால் வோல்டேஜ் பார்த்து டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம், பின்பக்கம் காற்றோட்டம் வேண்டும். டியூபிலிருந்து வரும் 15 கிலோஹெர்ட்ஸ் கீச்சொலி எனக்குக் கேட்பதில்லை. வீட்டுப் பிள்ளைகள் அடுத்த அறையிலிருந்தே மெஷின் போட்டிருப்பதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். காசு போடும் கதவைக் கழற்றாதீர்கள். காசில்லாமல் ஆடும் ஃப்ரீ ப்ளேயில் வைத்தால் ஆட்டம் முடிந்ததும் ஸ்டார்ட்டைத் தட்டிக்கொண்டே போவார்கள். ஒரு காசு போட வேண்டும் என்றால் அந்த ஒரு உயிருக்கு மதிப்பு வந்துவிடுகிறது.

இரண்டாவது மெஷின் ஆசை சீக்கிரமே வரும். அதற்கு முன் உங்கள் மானிட்டருக்குப் பொருந்தும் உபரி சேஸிஸ் ஒன்றைத் தேடி வாங்கி வையுங்கள். மாடல் எண் சேஸிஸிலேயே இருக்கும், ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் தேடுவது சுலபம்.