ட்ரியெஸ்டேயா, ஓபர்வோல்ஃபாக்கா?

கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே கணித ஆய்வும் செய்கிறவர்களுக்கு, வருகை ஆய்வாளராகப் போய் உட்கார இரண்டு இடங்கள் முதலில் நினைவுக்கு வரும். ஒன்று, இத்தாலியின் ட்ரியெஸ்டேயில் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய ஐசிடிபி, அதாவது சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையம்; பெயரில் இயற்பியல் என்றாலும் கணிதத்துக்கும் அங்கே இடம் உண்டு. இன்னொன்று, ஜெர்மனியின் கறுப்புக்காட்டுக்குள் 1944 முதல் இயங்கும் ஓபர்வோல்ஃபாக் கணித மையம். இரண்டுக்கும் போய்விட்டு வந்தேன். இனிப் போவதென்றால் எனக்கு ட்ரியெஸ்டேதான்.

நூலகம் இரண்டிலும் பிரமாதம். பாடம் எடுக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. இதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

ஓபர்வோல்ஃபாக்குக்குக் கருத்தரங்குக்கு என்றால் அவர்கள் அழைக்க வேண்டும். நாமாக விண்ணப்பித்துப் போவதென்றால் இரண்டு முதல் நான்கு பேர் கொண்ட சிறு குழுவாகப் போகலாம். நானும் என் கூட்டாளியும் அப்படித்தான் இரண்டு வாரம் போனோம். தங்கலும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு, விமான டிக்கெட் நம் பாக்கெட்டிலிருந்து. மணி அடித்தால் சாப்பாட்டு மேசையில் இருக்க வேண்டும். எங்கே உட்காருவது என்பதும் நம் கையில் இல்லை. துணி நாப்கின் வைத்த உறையில் நம் பெயர் இருக்கும், வேளைக்கு வேளை அது வேறு மேசைக்குப் போய்விடும். ஒருநாள் இரவு அப்படி அருகில் வாய்த்த பெரியவர், "உங்கள் கணக்கு என்ன?" என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்த பத்து நிமிடத்தில் நிரூபணத்தின் மூன்றாவது படியில் இருந்த ஓட்டை எனக்கே தெரிந்துவிட்டது. அப்புறம், அறைக்குப் பூட்டு கிடையாது. நம்மூர்ப் பழக்கத்தில் பாஸ்போர்ட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன்.

இவ்வளவு நன்றாக இருந்தும் ஏன் ட்ரியெஸ்டே? திரும்பப் போகலாம் என்பதால்தான். வளரும் நாடுகளில் வேலை பார்க்கும் ஆய்வாளர்களுக்கு அங்கே அசோசியேட் திட்டம் இருக்கிறது. தேர்வானால் ஆறு ஆண்டுகளில் மூன்று முறை போய்த் தங்கலாம். பயணச் செலவும் தினப்படியும் அவர்களே தருவார்கள். நம் போன்றவர்களுக்கு ஆய்வு தொடர்ச்சியாக நடப்பதில்லை. ஜூனில் கல்லூரி திறந்ததும் சேர்க்கை, உள்மதிப்பீடு, விடைத்தாள் திருத்தல் என்று நோட்டு மூடிவிடும். ஓபர்வோல்ஃபாக்கில் கண்டுபிடித்த அந்த ஓட்டையை அடைக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. அடைத்ததும் காட்ட ஆள் இல்லை. இன்னொரு முறை போக வேண்டுமென்றால் புதிதாகக் குழு, புதிதாக விண்ணப்பம். ட்ரியெஸ்டேயில் முதல் பயணத்தில் பாதியில் விட்ட லெம்மாவை (துணைத்தேற்றத்தை) இரண்டாம் பயணத்தில், அதே கரும்பலகையில், அதே ஆளிடமே தொடர்ந்தேன். நான் முகம் கழுவிவிட்டு வந்ததுபோல, "எங்கே விட்டோம்?" என்று கேட்டார். விடுப்புக் கேட்கவும் இது வசதி. அடுத்தது எப்போது என்று முதல்வரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

பதிலுக்கு அவர்கள் எதிர்பார்ப்பது கொஞ்சம்தான். ஒரு கருத்தரங்க உரை கேட்டால் மறுக்காதீர்கள், முதல் வாரமே தேதி கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளினால் பெட்டி கட்டும் யோசனையில்தான் பேசுவீர்கள். கட்டுரை வெளியானால் மையத்துக்கு நன்றி சொல்லுங்கள். இரவுச் சாப்பாடு நம் பாடு. தினப்படியில் பாதி உணவகத்துக்குப் போகாமல் இருக்க, ஒரு கிலோ பருப்பும் ரசப்பொடியும் கொண்டு போனேன்.

குறை இல்லாமல் இல்லை. கடலோர அட்ரியாட்டிகோ விடுதியிலிருந்து மேலே மையத்தின் முதன்மைக் கட்டடமான லியோனார்டோவுக்கு மரங்களுக்கு நடுவே ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்கலாம். கீழே படிக்கட்டில் ஊர்க்காரர்கள் வெயில் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் மேலே ஏற மனசும் வராது. ஆளைத் தள்ளும் 'போரா' காற்றுக்கு ட்ரியெஸ்டே பேர்போனது. நான் போனது இரண்டு முறையும் மே, ஜூனில், அதனால் குளிர்காலத்தில் எப்படி என்பதற்கு என் பேச்சை நம்ப வேண்டாம். கூட எழுத ஏற்கெனவே ஆள் இருந்து, முடிக்க வேண்டியது ஒரே ஒரு நிரூபணம் என்றால் ஓபர்வோல்ஃபாக்குக்கே போங்கள்.

மூன்றாவது பயணத்துக்கு இந்த மாதம் எழுத வேண்டும். மே கடைசி வாரம் என்று தேதி குறித்தாயிற்று. பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணைதான் இன்னும் வரவில்லை.