குஸ்கோவில் 640 டாலர் போனது: மாச்சு பிச்சு போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

640 டாலர். நம்ம ஊர்க் கணக்கில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல். தென் அமெரிக்காவில், பெரு நாட்டு மலைமேல் இன்காக்கள் கட்டிய பழைய நகரமான மாச்சு பிச்சுவுக்கு என் அப்பாவைக் கூட்டிப்போக நான் ஒதுக்கி வைத்திருந்த பணம். இன்று அது குஸ்கோவில், பெரிய சதுக்கத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு டூர் ஏஜென்சிக்காரர்களின் கையில் இருக்கிறது. அடுத்த விமானத்துக்காக பெருவின் தலைநகர் லிமாவில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எதையெதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்ட வேண்டும் என்று கடைசியில் வரிசையாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா ஈரோட்டில் முப்பத்தைந்து வருடம் வீடு கட்டிக்கொடுத்தவர். கொத்தனாராக ஆரம்பித்து காண்ட்ராக்டர் ஆனவர். இப்போது 68 வயது. ஏதோ ஒரு பத்திரிகையில் இன்கா சுவரின் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல கலவையே காணோம் கண்ணு, அப்புறம் எப்படி நிக்குது?" என்று எனக்கு போன் செய்தது பத்து வருடத்துக்கு முன்னால். அன்றே முடிவு செய்தேன், ஒரு நாள் நேரில் காட்டிவிட வேண்டும் என்று. இந்த வருடம் என்னைப் பார்க்க டல்லாஸ் வந்திருந்தார். ஆறு மாதமாவது செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்குப் பெருவுக்குத் தனி விசா தேவையில்லை. இதைவிட நல்ல சமயம் வராது என்று கிளம்பினோம். மூட்டுவலி என்று அம்மா மட்டும் வரவில்லை.

குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஸ்பானியர்கள் வருவதற்கு முன் அந்தப் பகுதியை ஆண்ட இன்காக்களின் தலைநகரம். 1533இல் ஸ்பானியர்கள் உள்ளே புகுந்து கோயில்களையும் அரண்மனைகளையும் இடித்தார்கள். ஆனால் பல இடங்களில் அடிச்சுவரை அப்படியே விட்டுவிட்டு அதன் மேலேயே தங்கள் வீடுகளையும் தேவாலயங்களையும் எழுப்பினார்கள். அதனால் இன்றைக்கும் தெருவில் நடந்தால் கீழே கரிய இன்கா கல், மேலே வெள்ளைச் சுவரும் மர பால்கனியும் ஓட்டுக்கூரையும் தெரியும். 1950இல் வந்த நிலநடுக்கத்தில் சாந்தோ டொமிங்கோ தேவாலயம் இடிந்தபோது, அதற்கு அடியில் இருந்த சூரியன் கோயிலின் சுவர்கள் அசையாமல் நின்றன. கொரிகாஞ்சா என்று பெயர். அப்பா அதற்குள் ஒரு மணி நேரம் நின்றார். சுவர் மேலே போகப் போக உள்பக்கம் சாய்வதையும், வாசல்கள் கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருப்பதையும் அவர்தான் எனக்குக் காட்டினார். "ஆட்டம் வந்தா ஒண்ணோட ஒண்ணு இறுகிக்கும், பிரியாது" என்றார். ஹதுன் ருமியோக் சந்தில் பன்னிரண்டு மூலை வைத்துச் செதுக்கிய கல் ஒன்று இருக்கிறது. தொடக்கூடாது என்று காவல் வைத்திருக்கிறார்கள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து, ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டு போனார். அந்தச் சந்தோஷத்தை நான் மறக்கவே மாட்டேன். அதனால்தான் பின்னால் நடந்தது இவ்வளவு வலிக்கிறது.

அந்தச் சந்திலிருந்து இறங்கி வரும்போது அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. உயரம் ஒத்துக்கொள்ளாமல் வருவதை அங்கே சொரோச்சே என்கிறார்கள். முகம் வெளுத்து ஒரு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அது அந்த ஏஜென்சியின் வாசற்படி. உள்ளேயிருந்து நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஓடி வந்து, "பபிதோ, பபிதோ" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். அப்பாமாரைப் பாசமாகக் கூப்பிடும் சொல் அது. கொதிக்கும் தண்ணீரில் கோகா இலை போட்டுக் கொடுத்தார். சின்ன ஆக்சிஜன் டப்பா ஒன்றை எடுத்து மூக்கருகே பிடித்தார். காசு கேட்கவில்லை. கால்மணி நேரத்தில் அப்பாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. நான் நம்பியது அந்த நிமிடத்தில்தான். ஏஜென்சி எப்படி, உரிமம் இருக்கிறதா, எதையுமே பார்க்கவில்லை. என் அப்பாவை இப்படிக் கவனித்துக்கொள்கிற மனுஷி ஏமாற்றுவாளா என்று மனசு சொல்லிவிட்டது.

அதன் பிறகுதான் மாச்சு பிச்சு பேச்சு வந்தது. ஜூன் 24 இன்டி ராய்மி திருவிழா நெருங்குகிறது, நுழைவுச்சீட்டு தீர்ந்துகொண்டே வருகிறது, தன்னிடம் இரண்டே இரண்டு இருக்கிறது என்றார். சீட்டு தட்டுப்பாடு என்பது பொய்யில்லை. ஒரு நாளைக்கு 4,500 பேர், கூட்ட நாட்களில் 5,600 பேர் என்று அரசு வரம்பு வைத்திருக்கிறது. உண்மையைக் கொஞ்சம் கலந்து சொல்லும்போது பொய்யைக் கண்டுபிடிக்கவே முடிவதில்லை. உள்ளே சுற்றிப்பார்க்க வகுத்திருக்கும் பாதைகளில் இரண்டாவது பாதைக்கான நுழைவுச்சீட்டு, போக வர ரயில், மேலே ஏறும் பஸ், ஒரு இரவு அறை, வழிகாட்டி எல்லாம் சேர்த்துத் தலைக்கு 320 டாலர். இருவருக்கும் 640 டாலர். கார்டு இயந்திரம் ரிப்பேர் என்றார். கையிலிருந்த 400 டாலரைக் கொடுத்தேன். மீதிக்கு ஏடிஎம்மில் இரண்டு தடவை பெருவின் பணமான சோல் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த டாலர் நோட்டுகளை அவர் எண்ணிய விதம் கண்ணிலேயே நிற்கிறது. ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு இருபது டாலர் நோட்டில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தது, அதைத் திருப்பிக் கொடுத்து வேறு கேட்டார். அங்கே கிழிந்த டாலரை யாரும் வாங்குவதில்லை. என் நோட்டை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர் எனக்கு எழுதிக்கொடுத்த ரசீதில் இருந்தது இரண்டே வார்த்தை: "தோதோ இன்க்லுயிதோ". எல்லாம் அடக்கம். எந்த ரயில், எந்த அறை, எத்தனை மணி நுழைவு, ஒன்றும் இல்லை. நானும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

விடியற்காலை நாலு மணிக்கு வேன் வந்தது. ஒய்யன்தாய்தாம்போவில் இறங்கி ரயில் ஏற வேண்டும் என்று சொல்லியிருந்தார். வேன் அந்த ஊரில் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. டிரைவரிடம் கேட்டால் "இத்ரோஎலெக்த்ரிகா" என்று மட்டும் சொன்னார். 4,316 மீட்டர் உயரத்தில் ஆப்ரா மாலகா கணவாயைத் தாண்டி, வளைந்து வளைந்து இறங்கும் பாதை. அப்பா இரண்டு முறை வாந்தி எடுத்தார். ஏழு மணி நேரம் கழித்து ஒரு நீர்மின் நிலையத்தின் அருகே இறக்கிவிட்டார்கள். காசு குறைவாக வைத்திருக்கும் இளைஞர்கள் போகும் வழி அது. அங்கிருந்து தண்டவாளத்தை ஒட்டிப் பத்து கிலோமீட்டர் நடந்தால்தான் அடிவார ஊரான அகுவாஸ் காலியெந்தேஸ் வரும். வழி தெரிந்து போகிறவர்களுக்கு நல்ல வழிதான். 640 டாலர் வாங்கிக்கொண்டு பிரஷர் மாத்திரை சாப்பிடும் பெரியவரைச் சொல்லாமல் கொள்ளாமல் அந்த வழியில் விடுவது அநியாயம்.

ஏஜென்சிப் பெண்ணிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். "ஆமாம் அம்மணி, ரயில் அங்கிருந்துதான்" என்று பதில். ரயில் கவுண்டரில் எங்கள் பெயரில் சீட்டு இல்லை. அன்றைய இருக்கைகளும் தீர்ந்துவிட்டன. நடந்தோம். ஜல்லிக்கல்லில் கால் புரண்டு புரண்டு நாலு மணி நேரம். அப்பா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "விடு கண்ணு, நாளைக்குக் காலைல பாத்துரலாம்ல" என்றார்.

இரவு பத்தே முக்காலுக்கு நுழைவுச்சீட்டு போனுக்கு வந்தது. எங்கள் பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. காலையில் ஐந்து மணிக்கு வரிசையில் நின்றால், பஸ் சீட்டும் அடக்கம் இல்லை. தலைக்கு 24 டாலர் கொடுத்து நானே வாங்கினேன். மேலே வாசலில் இருந்த அதிகாரி சீட்டை ஸ்கேன் செய்தார். முகம் மாறியது. இன்னொரு முறை செய்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்தக் குறியீட்டில் இருந்தது வேறு யாரோ இருவரின் பெயர். யாருக்கோ வாங்கிய சீட்டில் பெயரையும் எண்ணையும் மட்டும் மாற்றி எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் விட முடியாது என்றார். அவர் மேல் தப்பில்லை.

வாசலுக்கு வெளியே பனிமூட்டம். அங்கிருந்து ஒன்றுமே தெரியவில்லை. அப்பா கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார், அப்புறம் பஸ் நிற்கும் இடத்துக்கு அவராகவே நடந்தார்.

கீழே ஊரில் தினமும் 1,000 சீட்டு நேரில் விற்கிறார்கள் என்று அதன் பிறகுதான் தெரிந்தது. ஓடிப்போய் நின்றோம். எங்கள் முறை வருவதற்குள் அடுத்த நாளுக்கானது முடிந்துவிட்டது. அதற்கு மேல் தங்கினால் டல்லாஸ் விமானம் போய்விடும். திரும்பும் ரயிலுக்கும் நானே கட்டினேன். இந்தச் செலவையெல்லாம் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. நான் கேட்பது அந்த 640 டாலரை மட்டும்.

குஸ்கோ வந்ததும் பையைக்கூட அறையில் வைக்காமல் ஏஜென்சிக்குப் போனேன். அதே பெண். இந்த முறை எழுந்திருக்கவில்லை. "நாங்கள் இடைத்தரகர்தான் அம்மணி, சீட்டு போட்டது வேறு ஆள்" என்றார். அந்த ஆள் யார் என்றால் லிமாவில் இருக்கிறாராம். மான்யானா வாருங்கள், அதாவது நாளைக்கு. மறுநாள் காலை போனால் கடையில் ஒரு பையன் மட்டும் இருந்தான், இங்கிலீஷ் தெரியாது என்று தலையாட்டினான். மதியம் போனபோது அதே பையன் பக்கத்து ஜோடியிடம் இங்கிலீஷில் மாச்சு பிச்சு விலை சொல்லிக்கொண்டிருந்தான். சாயங்காலம் அந்தப் பெண் வந்தார். பணம் தர முடியாது, வேண்டுமானால் இலவசமாக ஒரு சிட்டி டூர் தருகிறேன் என்றார். 640 டாலருக்குப் பதில் அரை நாள் ஊர்சுற்றல்! "என் அப்பாவுக்கு நீங்கள் கையால் டீ கொடுத்தீர்களே" என்றேன். பதில் இல்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்கு வந்து பார்த்தால் வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்திருந்தார்கள்.

அரசின் சுற்றுலாத் தகவல் மையமான ஐபெருவில் பொறுமையாகக் கேட்டார்கள். பெருவில் எல்லாக் கடைகளிலும் லிப்ரோ தே ரெக்லமாசியோனெஸ் என்ற புகார்ப் புத்தகம் இருக்க வேண்டும், கேட்டால் கொடுத்தாக வேண்டும், எழுதினால் 15 வேலை நாளில் பதில் சொல்ல வேண்டும், அது சட்டம் என்று அவர்கள்தான் சொன்னார்கள். திரும்பப் போய்க் கேட்டேன். புத்தகம் தீர்ந்துவிட்டது என்றார்கள். சுற்றுலா போலீஸில் புகார் எழுதி நகல் வாங்கிக்கொண்டேன். நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான இந்தெகோபிக்கும் எழுதப்போகிறேன். 640 டாலரும் திரும்பி வரும் வரை விடுவதாக இல்லை.

விமானத்துக்குக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் வேகமாகச் சொல்கிறேன். நுழைவுச்சீட்டை அரசின் இணையதளத்தில் உங்கள் பாஸ்போர்ட்டை வைத்து நீங்களே வாங்குங்கள். பெரியவர்களுக்கு 152 சோல், நாற்பது டாலர் சொச்சம்தான். மாதக்கணக்கில் முன்னாலேயே வாங்குங்கள். ரயிலையும் நேரடியாகப் பதிவு செய்யுங்கள். கையில் ரொக்கம் மட்டும் கேட்கிற கடையில் கால் வைக்காதீர்கள். ரசீதில் ரயில் நேரம், சீட்டு எண் எழுதாமல் காசு கொடுக்காதீர்கள். "எல்லாம் அடக்கம்" என்று எழுதினால் எழுந்து வந்துவிடுங்கள். பெரியவர்களோடு போனால் இத்ரோஎலெக்த்ரிகா என்ற பெயர் காதில் விழுந்ததுமே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்னும் எழுத நினைத்திருந்தேன், நேரமில்லை. அப்பா என் தோளில் தூங்கிக்கொண்டிருக்கிறார், எழுப்ப வேண்டும்.