3018-க்கு 500 வாட் ஸ்பிண்டில்: நண்பனுக்கு வேண்டாம் என்று சொன்ன காரணம்

3018 சிஎன்சியில் (கணினிக் கட்டளைப்படி மரம், பிளாஸ்டிக்கைச் செதுக்கும் சிறிய மேசை மெஷின்) வெட்டும் பிட்டைச் சுழற்றும் 775 மோட்டாரைக் கழற்றிவிட்டு, அதைவிடக் கனமான, வலுவான 500 வாட் ஸ்பிண்டில் மோட்டார் போடலாமா என்று போன வாரம் நண்பன் கேட்டான். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன் என் 3018 சிஎன்சிக்கு என்னென்ன மாற்ற வேண்டும் என்று நான் எழுதிய பட்டியலிலும் முதல் வரி அந்த 500 வாட் ஸ்பிண்டில்தான்.

மெஷினோடு வந்த 24 வோல்ட் பவர் சப்ளையும் போர்டும் 500 வாட்டைத் தாங்காது, அதற்குத் தனி பவர் சப்ளை வேண்டும். அது தெரிந்தே வாங்கினேன், சரி. என்னைப் பாடாய்ப் படுத்தியது இசட் அச்சு, அதாவது ஸ்பிண்டிலை மேலும் கீழும் நகர்த்தும் பகுதி.

மெஷின் சும்மா நிற்கும்போது ஸ்பிண்டில் தானாகக் கீழே இறங்கும். சத்தமே இருக்காது. பிட் மாற்ற நிறுத்திவிட்டு ஸ்பேனரை எடுத்துத் திரும்புவதற்குள் அரை மில்லிமீட்டர் போயிருக்கும், அதோடு ஆழத்தை அளக்கத் தொடங்கும் பூஜ்யப் புள்ளியும் போச்சு. இரண்டு மணி நேரம் ஓடிய ஒரு பெயர்ப் பலகையில், கடைசி பிட் மாற்றியதும் எழுத்தெல்லாம் ஆழமாக இறங்கிப் பாழானது. கோலட் (பிட்டைப் பிடிக்கும் கவ்வி) நழுவுகிறது என்று நினைத்துப் புதுக் கோலட் போட்டேன், மெஷினுக்கான கட்டளை வரிகளான ஜிகோடைத் திரும்பத் திரும்பப் படித்தேன், ஒரு மாதம் வீணாகப் போனது.

விஷயம் மெஷினை இயக்கும் ஜிஆர்பிஎல் மென்பொருளின் $1 என்ற அமைப்பில் இருந்தது. அது இயல்பாக 25, அதாவது நகர்வு நின்று 25 மில்லிசெகண்டில் அச்சை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரின் பிடியை விட்டுவிடும். 775 லேசானது என்பதால் இசட்டை ஏற்றி இறக்கும் திருகின் உராய்வே அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. என் மெஷினின் டி8 திருகு ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகரும் வகை, புரியின் சரிவு அதிகம், மேலே கனமான ஸ்பிண்டில் உட்கார்ந்ததும் அந்தப் பாரமே திருகைச் சுற்றிவிட்டது. $1=255 என்று மாற்றினேன், மோட்டார் எப்போதும் பிடித்தபடி நின்றது, சறுக்கல் நின்றது. ஆனால் மோட்டார் சுட்டது, மெஷினை அணைத்தால் பழையபடி இறங்கியது.

அப்புறம்தான் சுற்றுக்கு 2 மி.மீ. நகரும் ஒற்றைப் புரித் திருகும் அதற்கான நட்டும் போட்டேன். மோட்டாரின் ஒவ்வொரு ஸ்டெப்பையும் 16 மைக்ரோஸ்டெப்பாகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 3200 ஸ்டெப், அதனால் $102-ஐ (இசட் ஒரு மி.மீ. நகர எத்தனை ஸ்டெப்) 800-லிருந்து 1600 ஆக்கி, இசட்டின் உச்ச வேகமான $112-ஐப் பாதியாகக் குறைத்தேன். இசட் மெதுவாகத்தான் ஏறுகிறது, ஏறட்டும். இப்போது மின்சாரம் இல்லாவிட்டாலும் வைத்த இடத்தில் நிற்கிறது. அதே கையோடு ஸ்பிண்டிலைத் தாங்கும் பிளாஸ்டிக் கேரியேஜைத் தூக்கிவிட்டு அலுமினியத் தகட்டில் எம்ஜிஎன்12 ரயில் (ஆடாமல் வழுக்கும் எஃகுத் தண்டவாளம்) இரண்டு பொருத்தினேன். முன்பு ஸ்பிண்டிலை விரலால் தள்ளினால் டயல் கேஜ் முள் 0.3 மி.மீ. ஓடும், இப்போது 0.05-ஐத் தாண்டுவதில்லை.

இந்த மாதம் 500 வாட்டின் கார்பன் பிரஷ் தேய்ந்து நின்றுவிட்டது. புதுசு வரும்வரை ஓடட்டும் என்று மூலையில் கிடந்த 775-ஐ மறுபடி மாட்டி, ஒற்றை வெட்டு விளிம்புள்ள புது 3.175 மி.மீ. பிட்டில் அக்ரிலிக்கை வெட்டினேன். விளிம்பு அவ்வளவு சுத்தமாக வந்தது, உருகி ஒட்டவே இல்லை. இந்த மோட்டாரையா மூன்று வருஷம் திட்டினேன்! ஆட்டம் எல்லாம் இசட்டில் இருந்திருக்கிறது, பழி மட்டும் மோட்டார் மேல். பிரஷ் வந்து சேர்ந்துவிட்டது, இன்னும் மாற்றவில்லை.

அதனால் நண்பனுக்கு: முதலில் திருகு, அடுத்து ரயில், அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் மட்டும் ஸ்பிண்டில். அலுமினியம் வெட்டுவதுதான் உன் ஆசை என்றால் 3018-ஐத் தொடவே தொடாதே. ஸ்பிண்டிலை இடவலமாக நகர்த்தும் அந்த எக்ஸ் அச்சின் 10 மி.மீ. கம்பிகள் எவ்வளவு இறுக்கினாலும் வளையும், நான் செலவழித்த பணத்துக்கும் நேரத்துக்கும் கனமான சட்டத்தோடு வேறொரு மெஷினே வாங்கியிருக்கலாம். என்னுடையதை விலைக்குக் கேட்காதே, கொடுக்க மாட்டேன். எக்ஸுக்கும் ரயில் போட நேற்றுத்தான் அளவெடுத்தேன்.