ஆல்ஃபாவா, பீட்டாவா: நேர ஜோடியும் துடிப்பின் வாலும்

திரவ சிண்டிலேட்டர் (துகள் பட்டால் ஒளிவிடும் திரவம்) நிறைந்த தொட்டியில் எந்தத் துகள் ஆற்றலைக் கொட்டினாலும் நம் கைக்கு வருவது ஒரு சிறு ஒளித்துடிப்புதான். அது ஆல்ஃபாவா (ஹீலியம் அணுக்கரு), பீட்டாவா (எலக்ட்ரான்) என்று ஆற்றலைப் பார்த்துப் பிரித்துவிடலாமே என்றால், ஆல்ஃபா அங்கேதான் ஏமாற்றும். பொலோனியம்-210 விடும் ஆல்ஃபாவுக்கு 5.3 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். ஆனால் அது மிகக் குறுகிய தடத்தில் நெருக்கமாக அயனியாக்குவதால் ஒளியின் பெரும்பகுதி அமுங்கிப்போகிறது. இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலைக்கடியில் 2007 முதல் 2021 வரை தரவு எடுத்த போரெக்ஸினோ என்ற நியூட்ரினோ உணர்கருவியில் அது சுமார் 0.4 மெகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரானைப் போலத் தெரிந்தது. சூரியனில் பெரிலியம்-7 வழி உருவாகும் நியூட்ரினோக்கள் தட்டிவிடும் எலக்ட்ரான்களும் அதே வட்டாரத்தில்தான்.

என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது நிகழ்வுக்கு ஜோடி உண்டா என்பதை. பிஸ்மத்-214 பீட்டா விட்டதும், 164 மைக்ரோ நொடி அரை ஆயுள் கொண்ட பொலோனியம்-214 அதே இடத்தில் ஆல்ஃபா விடும். அணு உலை எதிர்நியூட்ரினோவும் அப்படித்தான்: முதலில் பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்), சுமார் 200 மைக்ரோ நொடி கழித்து, நியூட்ரானை ஹைட்ரஜன் பிடிக்கும்போது 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமா. ஜோடி கிடைத்தால் வேறு எந்த முறையும் இதற்குப் பக்கத்தில் வராது. ஆனால் சூரிய நியூட்ரினோ தட்டிய எலக்ட்ரான் தனியாள். 138 நாள் அரை ஆயுள் கொண்ட பொலோனியம்-210-க்கும் ஜோடி தேடிப் பயனில்லை.

அப்புறம்தான் துடிப்பின் வடிவம். ஆல்ஃபாவின் அடர்ந்த தடத்தில் மும்மை நிலை (எளிதில் ஒளிவிட முடியாத கிளர்ந்த நிலை) மூலக்கூறுகள் கூடுதல். அவை ஒன்றோடொன்று மோதி மெதுவாக ஒளிவிடுவதால் வால் நீள்கிறது. திரவத்தில் ஆக்சிஜன் கரைந்திருந்தால் அந்த மெதுவான ஒளியைத்தான் அது தின்னும். நைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றுவது இதற்காகவும்தான்.

வாலின் ஒளியைத் துடிப்பின் மொத்த ஒளியால் வகுப்பதுதான் எளிய வழி. ஆய்வகத்துச் சிறு குப்பிக்கு அது போதும். பெரிய தொட்டியில் ஒளி ஒவ்வொரு ஒளிபெருக்கிக் குழாயையும் வெவ்வேறு நேரத்தில் எட்டுகிறது. அந்தப் பயண நேரத்தைக் கழித்தாலும் சிதறலும் பிரதிபலிப்பும் வாலைக் குழப்பும். 1962-இல் வந்த, கட்டி (Gatti) என்பவர் பெயரில் உள்ள வடிகட்டி இன்னும் நுட்பமானது. ஆல்ஃபா, பீட்டா இரண்டின் சராசரி வடிவங்களையும் வைத்து, அவற்றின் வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுத்து, ஒவ்வொரு நேரத் துண்டுக்கும் ஓர் எடை தருகிறது. எந்தத் துண்டு எதற்கு வாக்களித்தது என்று திறந்து பார்க்கலாம். எனக்குப் பிடித்தது இதுதான்.

போரெக்ஸினோ பின்னாளில் நரம்பணி வலையமைப்புக்கு (மாதிரிகளைப் பார்த்துக் கற்கும் கணினி நிரல்) மாறியது. பிரிப்பு இன்னும் கூர்மையானது. அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததே மேலே சொன்ன பிஸ்மத்-பொலோனியம் ஜோடிகள்தான். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பொலோனியம்-214 ஆல்ஃபாவின் ஆற்றல் 7.7 மெகா எலக்ட்ரான் வோல்ட். பொலோனியம்-210 அதில் பாதியளவு ஒளியைத்தான் தரும், போரெக்ஸினோவில் 200 ஒளி எலக்ட்ரான் (குழாய்களில் ஒளி கிளப்பும் எலக்ட்ரான்) போல. வெளிச்சமான மாதிரியில் படித்த வலை மங்கலான துடிப்பிலும் அதே திறமையைக் காட்டும் என்று நம்பிவிடக் கூடாது. அதனால் கட்டி வடிகட்டி தரும் எண்ணையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பேன்.

காமாவையும் பீட்டாவையும் வால் வைத்துப் பிரிக்க முடியாது. காமாவும் கடைசியில் எலக்ட்ரான்களைத்தான் கிளப்புகிறது. வெளியிலிருந்து வரும் காமாவுக்கு, தொட்டியின் உள்பகுதியை மட்டும் கணக்கில் எடுப்பதே வழி. கார்பன்-11 விடும் பாசிட்ரானில், ஆர்த்தோ பாசிட்ரோனியம் (பாசிட்ரானும் எலக்ட்ரானும் சற்று நேரம் பிணைந்திருக்கும் நிலை) சில நானோ நொடி தாமதம் தருவதால் வடிவம் லேசாக மாறும். அது மட்டும் போதாது. முன்னால் வந்த மியூவான் (காஸ்மிக் கதிரில் வரும் துகள்), அது கிளப்பிய நியூட்ரான், அப்புறம் 20 நிமிட அரை ஆயுளில் சிதைவு என்று மூன்றையும் கோத்துப் பார்ப்பதுதான் அங்கே பெருமளவு கைகொடுத்தது.