கருங்கரடி வேட்டைக்கு எந்தக் கைத்துப்பாக்கி? .357, 10 மி.மீ., .44, .454

அமெரிக்காவில் கருங்கரடியைக் கைத்துப்பாக்கியால் வேட்டையாடுவோர் பெரும்பாலும் இரண்டு விதமாகச் சுடுகிறார்கள். மெய்ன் மாநிலத்தில் இரை வைத்துவிட்டுப் பரணில் காத்திருப்பார்கள். வர்ஜீனியா, வட கரோலினா மலைக்காடுகளில் நாய்கள் துரத்தி மரத்தில் ஏற்றிய கரடியைச் சுடுவார்கள். இரண்டிலும் தொலைவு 30 மீட்டரைத் தாண்டுவது அரிது. இரை வைப்பதையும் நாய்களை ஏவுவதையும் கொலராடோ 1992-லும் ஓரிகன் 1994-லும் வாக்கெடுப்பில் தடை செய்துவிட்டன. அங்கே கரடியைத் தேடிப்போய்த் தொலைவிலிருந்து சுட வேண்டியிருப்பதால் ரைபிளே மேல்.

காலிபரை, அதாவது தோட்டாவின் அளவு ரகத்தை, பேசும் முன் கரடியின் உடம்பைப் பார்க்க வேண்டும். குளிர்கால உறக்கத்துக்கு முன் இலையுதிர் காலத்தில் அதன் தோலுக்கடியில் கொழுப்பு தடித்துவிடும். குண்டு நுழைந்த துளையைக் கொழுப்பு அடைத்துக்கொள்ளும், கசியும் கொஞ்ச இரத்தத்தையும் அடர்ந்த மயிர் உறிஞ்சிக்கொள்ளும். மறுபக்கம் வெளியேறாத குண்டு பட்ட கரடி, ஒரு சொட்டுத் தடயமும் விடாமல் புதருக்குள் போய் மணிக்கணக்கில் வதைபட்டுச் சாகக்கூடும். அதனால்தான் மனிதத் தாக்குதலை நிறுத்துவதற்காகச் செய்யப்பட்ட, முனையில் குழியுள்ள, பட்டதும் விரியும் தோட்டாக்களை நான் முற்றாக ஒதுக்குகிறேன். கெட்டியான ஈயக் கலவையில் வார்த்த, மூக்கு தட்டையான கனமான குண்டே வேண்டும்.

1935-இல் வந்த .357 மேக்னத்தின் வழக்கமான 158 கிரெய்ன் (குண்டின் எடை அலகு, ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) தோட்டா சுமார் 725 ஜூல் ஆற்றலைத் தரும். 180 கிரெய்ன் வார்ப்புக் குண்டு போட்டால், பக்கவாட்டில் நிற்கும் நடுத்தரக் கரடியின் இரு நுரையீரல்களையும் துளைத்துவிடும். ஆனால் தோள் எலும்பு குறுக்கிட்டாலோ, கரடி 200 கிலோவைத் தாண்டினாலோ அது போதுமென்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

1983-இல் பிரென் டென் பிஸ்டலோடு அறிமுகமான 10 மி.மீ. ஆட்டோ தோட்டாவை இன்று பலரும் விரும்புகிறார்கள். க்ளாக் 20 பிஸ்டலின் மேகசினில் 15 தோட்டாக்கள் கொள்ளும், பின்னுதையும் தாங்கக்கூடியதே. ஆனால் கடைகளில் கிடைக்கும் 10 மி.மீ. தோட்டாக்களில் பல, அதைவிட வலு குறைந்த .40 எஸ் அண்ட் டபிள்யூ ரகத் தோட்டாவின் அளவுக்கே வலுக் குறைக்கப்பட்டவை. பெட்டியில் அச்சிட்ட வேகத்தைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பலகோணத் துளையுள்ள க்ளாக் குழல்களில் உறையில்லாத ஈயக் குண்டைச் சுடுவதும் ஆகாது. தற்காப்புக்கு இது நல்ல தேர்வு. வேட்டையிலோ கணக்கில் வருவது முதல் தோட்டா மட்டுமே. குறிப்பாக மரத்தடியில் நாய்கள் நிற்கும்போது, காயத்தோடு கீழே விழும் கரடி அவற்றைக் கிழித்துவிடும்.

1955-இல் வந்த .44 மேக்னம்தான் என் தேர்வு. 240 கிரெய்ன் தோட்டா 1,000 முதல் 1,300 ஜூல் வரை தரும். 300 கிரெய்ன் வார்ப்புக் குண்டுக்குத் தோள் எலும்பும் பெரிய தடையல்ல. அதே ரிவால்வரில் மென்மையான .44 ஸ்பெஷல் தோட்டாக்களைப் போட்டு ஆண்டு முழுவதும் பயிற்சி செய்யலாம் என்பது பெரிய வசதி. நீளம் குறைந்த அந்தத் தோட்டாக்கள் ரிவால்வரின் தோட்டா அறைக்குள் கரிவளையம் படியவிடும். வேட்டைக்கு முன் அதைத் துடைக்காவிட்டால் மேக்னம் தோட்டா உள்ளே போக அடம்பிடிக்கும். 1964-இன் .41 மேக்னமும் திறமையானதே, ஆனால் கடைகளில் தோட்டா கிடைப்பது கடினம்.

.454 கசூல் 300 கிரெய்ன் குண்டைத் தள்ளும் ஆற்றல் 2,300 ஜூலைத் தாண்டும். பெரும் பழுப்புக் கரடிகள் உலவும் அலாஸ்காவில் அதற்கு நியாயம் இருக்கிறது. கருங்கரடிக்கு அந்த வலு தேவையில்லை. அதன் உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடி விசையை இழுக்கப் பழகியவரின் குண்டு நுரையீரலை விட்டுக் குடலில் பாயும். கசூல் ரிவால்வர் ஏற்கெனவே கையில் இருந்தால், அதிலேயே பொருந்தும் .45 கோல்ட் தோட்டாவில் வலுவான வேட்டை ரகத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

.44 வாங்குவோர் ஆறு அங்குலத்துக்குக் குறையாத குழலைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வேகமும் கூடும், குறியும் நிலைக்கும். பணம் கட்டுமுன், அந்த மாநிலத்தின் அவ்வாண்டு வேட்டை விதிகளில் கைத்துப்பாக்கிக்குரிய குறைந்தபட்ச அளவுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.